ஊர்ச் செய்தி

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் பேருந்தில் செல்வோர், பெரம்பலூரைக் கடந்த சிறிது நேரத்தில் பாடாலூர் என்னும் ஊரைக் காண்பார்கள். நெடுஞ்சாலையின் ஓரத்தில் கடைகள் இருக்கும்; பூமலை என்று வழங்கும் சிறு குன்றும் சஞ்சீவிராயர் கோயிலும் தெரியும்; அப்பால் கரிசல் நிலம் விரிந்து கிடக்கும். வண்டி விரைந்து சென்றுவிடும். நாள்தோறும் பல்லாயிரவர் அவ்வூரைப் பார்க்கிறார்கள். ஆயினும் அவ்வூரில் இன்று என்ன நடக்கிறது என்பதை அவர்கள் அறியமாட்டார்கள். அறிய வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. ஆனால், அவ்வூரில் வாழ்வோருக்கு அத்தேவை உண்டு அல்லவா? அவர்களுக்கு அவர்கள் ஊர்ச் செய்தியைச் சொல்லுவோர் யார்? இந்த வினாவைப் பற்றியே இன்று சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன்.

பெரிய செய்தி நிறுவனங்களின் கண்ணில் சிற்றூர் படுவது பெரும்பாலும் துன்பக் காலத்தில்தான். சாலையில் இரண்டு வண்டிகள் மோதினால் பாடாலூரின் பெயர் சென்னையில் ஒலிக்கும். இது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கம் அன்று. 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23ஆம் நாள், அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அன்றுதான் இந்திய நாட்டார் பலர் அரியலூர் என்னும் பெயரை முதன்முதலாகக் கேட்டிருப்பர். அத்தகைய செய்தி நாட்டுக்குச் சொல்ல வேண்டிய செய்தியே. அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால், ஆற்றில் வெள்ளம் எவ்வளவு ஏறியிருக்கிறது, பாலம் எந்நிலையில் உள்ளது என்று துன்பம் வருமுன் கேட்டுச் சொல்லும் செய்தி வேறு. அதனைச் சொல்லுதற்கு அந்த மண்ணிலேயே ஒருவர் இருக்க வேண்டும்.

ஊர்ச் செய்தி என்பது எது? கிராம சபையில் எந்த வேலைக்குத் தீர்மானம் நிறைவேறியது, மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏன் ஏறவில்லை, கல்குவாரியில் எந்த நேரத்தில் வெடி வைக்கிறார்கள், சின்ன வெங்காயம் மூட்டை என்ன விலைக்குப் போயிற்று, அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் வந்து சேர்ந்தாரா இல்லையா என்பனவெல்லாம் ஊர்ச் செய்திகள். பிறருக்கு இவை சிறியனவாகத் தோன்றலாம். இவற்றின்மீதுதான் ஒரு குடும்பத்தின் சோறும் பிள்ளையின் படிப்பும் நிற்கின்றன.

முற்காலத்தில் இச்செய்தியைத் தண்டோராப் போடுவோர் தெருத்தெருவாகச் சொல்லி வந்தனர். சொன்னவரை நிறுத்தி, "எந்த நாள்? யார் சொன்னது?" என்று கேட்கலாம். தவறு சொன்னால் மறுநாள் அவர் அதே தெருவில் நடந்தாக வேண்டும். செய்தி சொல்பவரும் கேட்பவரும் ஒரே மண்ணில் நிற்பதால் விளையும் பொறுப்பு அது. ஊர்ச் செய்தியின் உயிர் அப்பொறுப்பிலேயே இருக்கிறது.

பின்னர் வானொலி வந்தது. திருச்சி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் தொடங்கியது. ஊராட்சி மன்றத்தின் வானொலிப் பெட்டிக்கு முன்னே மாலை வேளையில் மக்கள் கூடியிருந்து கேட்ட காலம் ஒன்று இருந்தது. அவ்வொலிபரப்பு வயலில் என்ன செய்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1960களின் நடுப்பகுதியில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்னும் புதிய நெல்லை அளித்தது. அந்நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி இடைவிடாது எடுத்துரைத்தது. தஞ்சை மாவட்டத்து உழவர்கள் அதனைக் கேட்டுப் பயிரிட்டார்கள். எண்ணைச் சொல்லிக் கேட்பதை விட்டு, 'ரேடியோ நெல்' என்றே அதற்குப் பெயர் சூட்டிவிட்டார்கள். உழவர் எளிதில் எதையும் நம்புபவர் அல்லர். தம் வாய்க்காலையும் தம் மண்ணையும் அறிந்த நிலையம் சொல்லிற்று என்பதனாலேயே நம்பினார்கள்.

தொலைக்காட்சி வந்தபோது நிலைமை சற்று மாறியது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கியது. 1980களில் அஞ்சல் நிலையங்கள் பல அமைந்தன. படம் எங்கும் சென்றது. ஆனால் பேச்சு தலைநகரிலிருந்தே வந்தது. சிற்றூருக்கு அது ஒரு சாளரம் ஆயிற்று, கண்ணாடி ஆகவில்லை. தன் முகத்தைத் தானே பார்க்கும் வாய்ப்பு 1990களில் கேபிள் வந்த பிறகே சிற்றூருக்குக் கிடைத்தது.

ஊரில் கேபிள்காரர் ஒருவர் இருப்பார். அவர் வீட்டு மாடியில் வானை நோக்கிய தட்டுகள் இரண்டு மூன்று நிற்கும். கீழே ஒரு சிற்றறை. அவ்வறையில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு சிறு பெட்டி. மீதமிருந்த ஒரு பெட்டியில் தம்முடைய வீடியோ கருவியை இணைத்துவிட்டால், அதுவே ஊருக்கு உரிய தொலைக்காட்சி. மக்கள் அதனை 'லோக்கல் சேனல்' என்று அழைத்தார்கள். பெரும்பாலும் படங்களும் பாட்டுகளும் ஓடும். மாலையில் சிறிது நேரம் ஊர்ச் செய்தி வரும். மாவட்ட ஆட்சியரின் குறைதீர்க்கும் நாள், கோயில் தேரோட்டம், பள்ளி ஆண்டு விழா, மருத்துவமனையில் மருந்து இல்லை என்று பெண்கள் சாலையில் அமர்ந்த காட்சி ஆகிய எல்லாம் அதில் வரும். நகைக்கடை, ஜவுளிக்கடை, பள்ளிச் சேர்க்கை, திருமண வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி ஆகியவற்றின் விளம்பரங்களால் செலவு ஈடுகட்டப்பெற்றது.

அச்செய்தியை எடுத்தவர் யார்? காலையில் திருமண வீட்டில் படம் பிடித்தவரே மாலையில் சாலை மறியலைப் படம் பிடித்தார். செய்தியைத் தாமே எழுதினார். பலவிடங்களில் தாமே வாசித்தார். மொழி சில வேளை இடறும், படம் ஆடும். உள்ளூர்ப் பெரியவர்களுக்கு அஞ்சி மறைத்த செய்திகளும் இருந்திருக்கும். அச்சேனல்களைக் குறையற்றவை என்று நான் கூற வரவில்லை. ஆனால், ஊராட்சி மன்றக் கூட்டத்தில் ஒரு கருவியோடு ஒருவர் நிற்கிறார் என்றால், பேசுவோர் சொல்லை அளந்து பேசுவர். இப்பயனை எந்தக் கணக்கேட்டிலும் காண இயலாது. ஆயினும் அது மெய்யான பயனே.

இந்த அமைப்பு எவ்வாறு தளர்ந்தது என்பதைச் சற்று நோக்குவோம். கேபிள் ஒளிபரப்பு முழுவதும் டிஜிட்டல் முறைக்கு மாற வேண்டும் என்று 2011இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. பெருநகரங்களில் தொடங்கிய மாற்றம் படிப்படியாகச் சென்று, சிற்றூர்களுக்கு 2017 மார்ச்சு மாதத்தைக் கெடுவாகக் கொண்டது. தமிழ்நாட்டு அரசு கேபிள் நிறுவனமும் அவ்வாண்டு ஏப்ரலில் அதற்குரிய உரிமம் பெற்றது. படத்தின் தெளிவு கூடியது, சேனல்கள் பெருகின. அதே வேளையில், ஊர்க் கேபிள்காரரின் சிற்றறை வெறுமையாயிற்று. எல்லாச் சேனல்களும் தொலைவில் உள்ள பெருநிலையம் ஒன்றில் பூட்டப்பெற்றுக் கம்பி வழியாக வருகின்றன. வீட்டிலுள்ள பெட்டிதான் பூட்டைத் திறக்கிறது. இடையில் ஊர்ச் சேனலைச் செருக இடமில்லை. அது பெருநிலையம் வரை சென்று, அங்கே இடம் பெற்று, மீண்டும் ஊருக்கு வர வேண்டும். 2022 நவம்பரில் வந்த ஒன்றிய அரசின் விதிமுறைகள், இத்தகைய சேனல்களுக்குப் பதிவு வேண்டும் என்றன. மொத்தச் சேனல்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இவை இருத்தல் ஆகாது என்றன. உள்ளூர்ச் செய்தி தருவோர் கம்பெனியாகப் பதிவு பெற்றிருத்தல் வேண்டும் என்றன. ஒழுங்கு வேண்டும் என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆயினும் வாடகை அறையில் ஒரு கருவியோடு நடத்தப்பெற்ற செய்திக்கு இப்படிகள் உயரமானவை.

இதற்குள் வேறொன்றும் நேர்ந்தது. கைப்பேசி எல்லார் கைக்கும் வந்துவிட்டது. ஜவுளிக்கடைக்காரர் தம் விளம்பரத்தைக் கைப்பேசியில் தரலானார். இல்லத்தார் சிலர் கேபிளையே நிறுத்திவிட்டார்கள். கேபிள் நிறுவனங்களின் அனைத்திந்தியக் கூட்டமைப்பும் ஏர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனமும் சேர்ந்து 2025இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. கட்டணம் செலுத்தித் தொலைக்காட்சி பார்க்கும் இந்திய இல்லங்கள் 2018இல் 15 கோடியே 10 லட்சமாக இருந்து, 2024இல் 11 கோடியே 10 லட்சமாகக் குறைந்தன என்று அது கூறுகிறது. 28,181 கேபிள்காரர்களை நேரில் ஆராய்ந்ததில், அவர்களிடம் வேலை செய்தோர் தொகையில் நூற்றுக்கு 31 பங்கு குறைந்திருந்தது. 37,835 பேருக்கு வேலை இல்லாமற் போயிருந்தது. கம்பத்தில் ஏறிக் கம்பி கட்டியவர், வீடுவீடாகச் சென்று மாதப் பணம் வாங்கியவர் முதலியோர் இவர்கள்.

நேயர்களே, இங்கே ஒன்றை ஆழ்ந்து எண்ண வேண்டும். மேலே சொன்ன கணக்கு கேபிள் தொழிலாளரைப் பற்றியது. ஊர்ச் செய்தியைப் படம் பிடித்தவர் எந்தக் கணக்கில் வருகிறார்?

பெருநிறுவனம் ஒன்று ஆட்குறைப்புச் செய்தால் அதற்குச் சட்டம் உண்டு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், ஓராண்டில் 240 நாள் தொடர்ந்து உழைத்தவரை நீக்குவதற்கு ஒரு மாத முன்னறிவிப்பும், உழைத்த ஆண்டு ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நாள் ஊதியமும் தர வேண்டும் என்றது. பத்திரிகையாளருக்கென்று 1955இல் தனிச்சட்டம் பிறந்தது; ஆனால் அது செய்தித்தாள் நிறுவனங்களை மட்டுமே தழுவியது. தொலைக்காட்சியாளர் அதன் நிழலில் ஒதுங்க இயலவில்லை. அதன் இடத்தில் 2020இல் இயற்றப்பெற்ற தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அது மின்னணு ஊடகத்தாரையும் பத்திரிகையாளர் என்று ஏற்றுக்கொள்கிறது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், இதழியல் ஒருவருடைய முதன்மைத் தொழிலாக இருத்தல் வேண்டும், அவர் அதற்கென ஒரு நிறுவனத்தில் அமர்த்தப்பெற்றிருத்தல் வேண்டும் என்று அச்சட்டம் இலக்கணம் வகுக்கிறது.

பாடாலூர் போன்ற ஓர் ஊரிலிருந்து செய்தி அனுப்புபவரை இவ்விலக்கணத்தில் பொருத்திப் பாருங்கள். அவருக்கு நியமன ஆணை இல்லை. மாதச் சம்பளம் இல்லை. அனுப்பிய செய்தி ஒளிபரப்பானால் ஒரு தொகை. ஒளிபரப்பாகாவிட்டால் பெட்ரோல் செலவும் அவருடையது. வயிற்றுப்பாட்டுக்குத் திருமணப் படமோ, கடையோ, வயலோ அவருக்கு உண்டு. ஒருநாள் சேனல் நின்றுவிடுகிறது. அல்லது, மாவட்டத்துக்கு ஒருவர் போதும் என்று தலைமையிடத்தில் முடிவு செய்கிறார்கள். இவருக்கு எந்த ஓலையும் வருவதில்லை. தொலைபேசி ஒலிப்பது குறைகிறது; பின்பு ஒலிப்பதே இல்லை. நியமிக்கப்படாதவரை நீக்குவது எங்ஙனம்? ஆகவே, ஏட்டின்படி எவரும் வேலை இழக்கவில்லை. ஊரோ தன் கண்ணை இழந்துவிட்டது.

பிற நாடுகளிலும் இவ்வாறு நிகழ்கிறது. கனடா நாட்டின் பெல் நிறுவனம் 2024 பிப்ரவரியில் 4,800 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது, அதன் சி.டி.வி. நிலையங்களில் டொரண்டோ தவிர ஏனைய ஊர்களில் நண்பகல் உள்ளூர்ச் செய்தி நின்றது. 103 வானொலி நிலையங்களில் 45 விற்கப்பெறும் என்றும் கூறிற்று. இங்கிலாந்தில் பி.பி.சி. நிறுவனம், பிற்பகல் 2 மணிக்குப் பிறகு உள்ளூர் வானொலிகள் பல நிகழ்ச்சிகளைப் பொதுவில் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று 2022 இறுதியில் அறிவித்தது. ஈழத்திலும் தமிழகத்திலும் கேட்கப்பெற்ற பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு, 1941இல் தொடங்கி 76 ஆண்டுக்காலம் ஒலித்தபின் 2017 ஏப்ரல் 30ஆம் நாளோடு ஓய்ந்தது. எங்கும் விளம்பரப் பணம் இணையப் பெருநிறுவனங்களை நோக்கி ஓடுகிறது. எங்கும் செலவைக் குறைக்கும் கத்தி உள்ளூர்ச் செய்தியின்மேல் விரைவில் விழுகிறது. அவர்களுக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே இழந்தோர் தொகையைச் சொல்ல முடிகிறது. பெயர்ப் பட்டியல் உண்டு. வாதாடத் தொழிற்சங்கம் உண்டு. இங்கே பட்டியலே இல்லை.

"ஊர்ச் செய்திக்கு இனி நிருபர் எதற்கு? ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறதே, வாட்ஸப் குழுவில் எல்லாம் வந்துவிடுகிறதே" என்று சிலர் கேட்கலாம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. தேரோட்டத்தைச் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர் அந்த நொடியிலேயே பார்க்கிறார். இரத்தம் வேண்டும் என்ற வேண்டுகோள் சில நிமிடங்களில் நூறு பேரை எட்டுகிறது. இந்நன்மைகளை யாரும் கைவிடச் சொல்லமாட்டார்கள்.

ஆனால், கேட்டறிந்து சொல்லும் கடமை அக்குழுவில் எவருக்கும் இல்லை. 2018ஆம் ஆண்டு குழந்தை கடத்துவோர் உலவுகின்றனர் என்னும் பொய்ச் செய்தி தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் கைப்பேசி வழியே பரவியது. அவ்வாண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகே, கோயிலுக்குச் சென்ற சென்னை மூதாட்டி ஒருவரை ஊரார் சூழ்ந்து அடித்தே கொன்றுவிட்டார்கள். அம்மூதாட்டி செய்தது, வழி கேட்ட இடத்தில் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தது ஒன்றே. செய்தியைக் கண்டவுடன் காவல் நிலையத்துக்குப் போய், "இது மெய்யா?" என்று கேட்டு, "பொய்" என்று அதே மாலையில் அதே தெருவினருக்குச் சொல்லும் அறிமுகமான குரல் ஒன்று ஒவ்வோர் ஊருக்கும் தேவை என்பதை இதைக் காட்டிலும் கொடிய முறையில் யாரும் நமக்குக் கற்பிக்க முடியாது.

வேளாண்மையிலும் இத்தேவை உண்டு. அதே 2018ஆம் ஆண்டில் படைப்புழு என்னும் புதிய பூச்சி மக்காச்சோளத்தைத் தாக்கியது. மானாவாரியாக மக்காச்சோளம் மிகுதியாக விளையும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் உழவர்கள் பெரிதும் நொந்தனர். புழு வந்தது என்பது மாநிலச் செய்தி. அதை ஒரு நாள் சொல்லலாம். எந்த ஊரில் எந்தப் பருவத்துப் பயிரில் கண்டது, எந்த மருந்து கேட்டது, சேதத்தைக் கணக்கெடுக்க அலுவலர் எந்த நாளில் எந்தக் கிராமத்துக்கு வருவார் என்பவை ஊர்ச் செய்தி. அதை நாள்தோறும் சொல்ல வேண்டும். செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்தில் திருகல் நோய் கண்டால், அதைச் சென்னையில் உள்ளவர் ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவார். வெங்காயக் கொல்லையில் நிற்பவருக்கு அந்த ஒரு வரி போதாது.

இனிச் செய்யத்தக்கது என்ன? போனதை அப்படியே மீட்டுவிடலாம் என்று கனவு காண்பதில் பயனில்லை. கேபிள்காரரின் சிற்றறை திரும்பி வரப்போவதில்லை. ஆனால், செய்தி சொல்பவர் ஊரில் நிலைத்திருக்க வழி தேடலாம்.

முதலாவது, அவரைக் கணக்கில் எடுக்க வேண்டும். பகுதி நேரமாகச் செய்தி அனுப்புவோர் மாவட்டந்தோறும் எத்துணைப் பேர், அவர்கள் பெறுவது என்ன என்று தொழிலாளர் துறை ஒரு பட்டியல் எடுப்பது அரிய செயல் அன்று. பெயர் இல்லாதவருக்கு உரிமை கேட்க முடியாது.

இரண்டாவது, அரசுப் பணத்தில் வெளியாகும் அறிவிப்புகளில் ஒரு பங்கை ஊர்ச் செய்தி தரும் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கலாம். ஓர் ஊராட்சியின் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பை அவ்வூரார் பார்க்கும் இடத்தில் வெளியிடுவதுதானே முறை? அரசு கேபிளிலும் மாவட்டச் செய்திக்கு எளிய கட்டணத்தில் ஓர் இடம் தரலாம்.

மூன்றாவது, வானொலியின் வாயிலைத் திறக்க வேண்டும். தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி சொல்லுதல் கூடாது என்ற தடை பல்லாண்டுகளாக இருந்து வந்தது. மணிக்குப் பத்து நிமிடம் செய்தி சொல்ல அவற்றுக்கு இசைவு தரலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. பொது நிதியால் நடைபெறும் வானொலிக்கோ இன்னும் பெரிய கடமை இருக்கிறது. ஆடுதுறை நெல்லுக்குச் செய்ததை ஒவ்வோர் ஒன்றியத்தின் செய்திக்கும் செய்யும் ஆற்றல் அதற்கு உண்டு. அதற்கு ஆள் வேண்டும். மாதத்தில் ஆறு நாள் அழைக்கப்பெறும் தற்காலிக அறிவிப்பாளர்களைக் கொண்டு நாள்தோறும் ஊர்ச் செய்தி சொல்லுதல் ஆகாது.

நான்காவது, நம் கடமை. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. குடியரசு நாள், தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தியடிகள் பிறந்த நாள், நவம்பர் முதல் நாளாகிய உள்ளாட்சி நாள் ஆகியவை அந்நாட்கள். அன்று நடந்ததை எழுதிப் படித்துக் காட்ட ஒருவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அவரை ஆதரியுங்கள். அவர் சொன்னது தவறாயின் அவரிடமே சொல்லித் திருத்துங்கள். அவருடைய உழைப்புக்கு விலை உண்டு என்பதை மறவாதீர்கள். மூட்டைக்கு என்ன விலை என்று அறிய நாம் அலைகிறோம்; அவ்விலையை அலைந்து அறிந்து சொல்பவருக்கு ஒரு விலை வைத்தோமா?

பாடாலூருக்குத் தொலைக்காட்சி இனியும் வரும். முன்னிலும் தெளிவாக வரும். உலகத்தின் போர்களையும் தேர்தல்களையும் அங்குள்ள திண்ணையில் அமர்ந்து காணலாம். ஆனால், அடுத்த தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்ததை யார் கேட்டார், யார் பதில் சொன்னார் என்பதை அத்திண்ணையில் அறிய முடியாமற் போனால், அவ்வூர் உலகை அறிந்தும் தன்னை அறியாத ஊராகிவிடும். அந்நிலை வராமல் காப்பது, ஊரில் நின்று ஊருக்குச் சொல்லும் அந்த ஒருவருடைய பிழைப்பைக் காப்பதில்தான் தொடங்குகிறது.